இஸ்திரி வண்டிக்கு மேலே எந்த மரம்?

எங்கள் தெருவின் நடுவில் ஒரு இயல்வாகை நின்றது. கோடையில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கொட்டுமே, சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறதே, அந்த மரம்தான். பெருங்கொன்றை என்றும் சொல்வார்கள். அதன் அடியில் 20 வருடமாக ஒரு இஸ்திரி வண்டி. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் இரண்டு பெரிய கிளைகளை இழந்தும் மரம் தப்பித்துக்கொண்டது. அப்புறம் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் 3 நாள் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் ராத்திரி, காற்றெல்லாம் அடங்கிய பிறகு, மரம் மெல்லச் சாய்ந்து எதிர்வீட்டு மதில்மேல் படுத்துவிட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வேர்த்தட்டு செங்குத்தாக நின்றது. மூன்று பக்கம் வேர்கள் பிய்ந்து நார் நாராகத் தொங்கின. வடிகால் பக்கம் மட்டும் அரிவாளால் சீவியதுபோல் நேர்க்கோடாக இருந்தது. கட்டைவிரல் பருமனிலிருந்து முழங்கைப் பருமன் வரை வெட்டுவாய்கள், எல்லாம் கறுத்துக் கிடந்தன. ஒன்றில் விரலை வைத்து அழுத்தினேன், உள்ளே போனது. அவ்வளவு மக்கியிருந்தது. அந்த மரத்தைச் சாய்த்தது புயல் என்று தெருவில் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், பள்ளம் தோண்டிய அன்றே பாதி சாய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு இஸ்திரி அண்ணன் நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டார். முதல் கத்திரியிலேயே தார்ப்பாய்க்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிட்டது. தார்ப்பாய் வெயிலை மறைக்கும், ஆனால் தானும் சூடேறி அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். இலை அப்படியில்லை. வேர் இழுத்துக் கொடுக்கும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் வெயிலில் நின்றாலும் அதிகம் சூடேறாது. அண்ணன் கையில் கரி போட்ட பித்தளைப் பெட்டி, தலைக்கு மேலே கொதிக்கிற தார்ப்பாய். மதியம் 2 மணிக்கு மேல் வண்டியை மூடிவிட்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டில் வந்து உட்காருவார். மாலை வேலையெல்லாம் இருட்டில் நடந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு யாருக்காக என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் படிக்கட்டுதான்.

இந்த ஐப்பசிக்கு மூன்று இடங்களில் கன்று வைப்பது என்று தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். ஒன்று, இஸ்திரி வண்டி நிற்கும் இடம். தெருவிலேயே பள்ளமான இடம் அதுதான், மழைத்தண்ணீர் கடைசியாக வடிவது அங்கேதான். இரண்டு, கிழக்கு வரிசையில் மின்கம்பிக்கு நேர் கீழே உள்ள இடம். மூன்று, பிள்ளையார் கோயில் மூலை, கொஞ்சம் மேடு, கம்பி கிடையாது. எந்த மரம் என்று கேட்டதும் ஆளுக்கு ஒரு பெயர் வந்தது. நல்ல மரம் எது என்று கேட்டால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் எல்லாமே நல்ல மரம்தான். இந்த இடத்துக்கு, இந்த மண்ணுக்கு, இங்கே நிற்கப்போகிற ஆளுக்கு எது என்று கேட்டபோதுதான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது. அப்படிப் பேசிப் பேசித் தெளிந்ததைத்தான் எழுதுகிறேன். இதேபோல் ஒரு குழியைத் தோண்டிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் வேறு தெருக்காரர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் தள்ளிவைத்தவை.

மாடி வீட்டு அக்கா கொனோகார்பஸ் வைக்கலாம் என்றார். வேகமாக வளரும், வருடம் முழுக்கப் பச்சை, கத்தரித்துவிட்டால் சுவர் மாதிரி நிற்கும். அதெல்லாம் உண்மை. ஆனால் மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் தண்ணீர்க் குழாய்க்குள் புகுந்துவிடுகிறது என்ற புகார்களால் குஜராத் அரசு 2023இல் அதைத் தடை செய்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

நெட்டிலிங்கத்தை நர்சரியில் அசோகா என்று சொல்லித் தருவார்கள். நிஜமான அசோகம் வேறு, ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் மரம். நெட்டிலிங்கம் தூண்போல் நேராக உயரும், கிளை எல்லாம் உடம்போடு ஒட்டித் தொங்கும். யாருக்கும் தொந்தரவு தராது. நிழலும் தராது.

மயில்கொன்றை, அதாவது குல்மோகர், வேண்டும் என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள். மே மாதத்தில் அது சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பார்த்தவர்கள் ஆசைப்படாமல் இருக்க முடியாது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், மென்மரம், வேர் மேலாகவே படரும். வர்தாவுக்கு மறுநாள் சென்னையில் நடந்து போனவர்களுக்கு, சாலையில் அதிகம் கிடந்த மரங்களில் இதுவும் இயல்வாகையும் இருந்தது ஞாபகம் இருக்கும். தெருவுக்கு வேண்டாம், பூங்காவில் நடுவாக வைத்தால் அழகு.

தூங்குமூஞ்சி மரம் பற்றி எனக்கு மனசு இரண்டாக இருந்தது. அமெரிக்க மரம்தான், ஆனால் அதுபோல் அகலமாகக் குடை விரிக்கும் மரத்தை நான் பார்த்ததில்லை. பழைய கல்லூரி வளாகங்களிலும் அகலமான சாலைகளிலும் அதை வெட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் தெரு 20 அடி. அதன் ஒரு கிளைக்கே இடம் போதாது. ஆலும் அரசும் அப்படித்தான். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் நடுத்தண்டு 1989இல் புயலில் போன பிறகும் அந்த மரம் விழுதுகளில் நின்றுகொண்டிருக்கிறது. விழுது இறக்க மண் இருந்தால்தான் அது நடக்கும். தார்ச்சாலையில் விழுது எங்கே ஊன்றும்?

நாட்டு வாதுமையும் பட்டியலில் இருந்தது. மாடி மாடியாகக் கிளை விடும், நிழல் அருமை. ஆனால் அதன் இலை சாப்பாட்டுத் தட்டு அகலம். நான்கு இலை சேர்ந்து வடிகால் வாயில் படிந்தால் போதும், மழையில் தெரு ஏரியாகிவிடும். தண்ணீர் நின்று பழகிய எங்களுக்கு அது ஒத்துவராது. ஏழிலைப்பாலை வேகமாக வளரும் என்று நர்சரிக்காரர் சொன்னார். மழைக்கால ராத்திரிகளில் அது பூத்தால் வரும் வாசனை சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தலைவலி. வீட்டை ஒட்டிய தெருவில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

மிஞ்சியவை நான்கு: வேம்பு, புங்கை, பூவரசு, மகிழம். எல்லாமே நம் ஊர் மரங்கள். இங்கே ஒரு நிமிடம் நின்று, எதை வைத்து அளந்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

நர்சரிகளில் கேட்டால் உயரம் சொல்வார்கள், பூ நிறம் சொல்வார்கள். நாங்கள் பிடித்துக்கொண்ட முதல் கேள்வி, மே 4க்கும் 28க்கும் நடுவில் அந்த மரத்தில் இலை இருக்குமா என்பது. அக்னி நட்சத்திரத்தில் நிழல் தராத தெரு மரம் வேறு எப்போது தந்து என்ன? சரக்கொன்றை எனக்கு உயிர். சித்திரையில் அது தங்கச் சரம் தொங்கவிடும்போது வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். ஆனால் பூக்கும்போது அதன் இலை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கண்ணுக்கு மஞ்சள், தலைக்கு வெயில். அதனால் அது இந்தப் போட்டியில் சேரவில்லை.

இன்னொன்று, நிழல் எங்கே விழும் என்பது. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இஸ்திரி அண்ணன். எங்கள் தெரு வடக்கு தெற்காக ஓடுகிறது. காலை 10 மணி வரை கிழக்கு வரிசை வீடுகளின் நிழலே தெருவில் கிடக்கும், மரம் தேவையில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள் உச்சிவேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. அதை ஒட்டிய நாட்களில் 12 மணிக்கு நிழல் மரத்தின் காலடியிலேயே இருக்கும். 3 மணிக்குக் கிழக்கே நீளும். பழைய மரம் இருந்தபோது அண்ணன் வண்டியை ஒரே நாளில் மூன்று முறை நகர்த்துவாராம். எந்த இடம் எந்த நேரத்துக்கு என்று தெருவோரத்தில் செங்கல் துண்டுகள் வைத்திருந்தார். அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. நாங்கள் குழிக்கு அளவெடுத்தது அந்தச் செங்கற்களிலிருந்துதான்.

இதில் எனக்கு ஒன்று உறைத்தது. நகர மரங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் 3-30-300 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். செசில் கோனிநெண்டைக் என்ற நகர வனவியல் அறிஞர் 2021இல் முன்வைத்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரம் கண்ணில் பட வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மரக்குடை இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். நல்ல கணக்கு, நம் ஊர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற கணக்கும்கூட. ஆனால் அது வீட்டுக்குள் இருப்பவரிலிருந்து ஆரம்பிக்கிறது. நம் தெருக்களில் மரத்தை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தத் தெருவில் வீடு இருக்காது. இஸ்திரி போடுகிறவர், பூக்காரம்மா, செருப்புத் தைக்கிறவர், உணவு கொண்டுவந்துவிட்டு அடுத்த அழைப்புக்காக வண்டியில் உட்கார்ந்திருக்கும் பையன். எங்கள் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் வீட்டுக்காரர்கள். அண்ணனை நாங்களாகப் போய் அழைத்துவந்தோம். வந்தவர் இரண்டே கேள்வி கேட்டார். எவ்வளவு நாளில் நிழல் வரும், துணியில் கறை படுமா. இரண்டும் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

சரி, நான்கு மரங்களுக்கு வருவோம்.

வேம்புக்குத்தான் தெருவில் அதிக ஆதரவு. வேப்பங்காற்று, சித்திரையில் பூ, வருடப்பிறப்புப் பச்சடி, ரசம், ஆடியில் மாரியம்மனுக்கு இலை என்று எல்லா வீட்டுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. வறட்சியைத் தாங்குவதில் அதற்கு ஈடில்லை. முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றிவிட்டால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். பங்குனியில் இலை கொட்டித் துளிர்த்துவிடும், கத்திரி வரும்போது மரம் நிறைய இலை. பழம் பழுத்தால் குயிலும் மைனாவும் காக்கையும் வந்துவிடும். குறை என்று பார்த்தால் இரண்டு. கடந்த சில வருடங்களாக மழைக்காலத்தில் வேம்பின் நுனிக்கிளைகள் தீயில் கருகியதுபோல் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் ஒருவகைப் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்க்கின்றன. அதற்குள் மரம் செத்துவிட்டது என்று வெட்டுவதற்கு ஆள் கூப்பிட்டுவிடக் கூடாது, ஒரு கோடை பொறுக்க வேண்டும்.

இரண்டாவது குறைதான் எங்களுக்கு முக்கியம். வேம்புக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது. வடிகிற மண்ணில் ராஜா, வேர் ஊறினால் நலிந்துவிடும். இஸ்திரி வண்டி இடத்தில் 2023இல் முழங்காலுக்கு மேல் தண்ணீர் 3 நாள் நின்றது. 2015 வெள்ளத்திலும் அங்கேதான் கடைசியில் வடிந்தது. வேம்பை அந்தக் குழியில் வைப்பது, தெரிந்தே அதைக் கொல்வது.

புங்கை இதற்கு நேர் எதிர். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளர்கிற மரம். தண்ணீர் நின்றாலும் தாங்கும், கொஞ்சம் உப்பு மண்ணானாலும் தாங்கும், வறட்சியும் ஓரளவு பொறுக்கும். அதன் தாவரவியல் பெயரான பொங்கேமியாவில் இருப்பது நம் புங்கம்தான். புங்கமர நிழலுக்கு நம் ஊரில் எப்போதுமே தனி மரியாதை. சாலையோரத்துப் புங்கைக்குக் கீழே ஒருமுறை நின்று பாருங்கள், இலை அடுக்கடுக்காக நெருங்கி இருப்பதால் தரையில் வெயில் பொட்டுக்கூட அதிகம் விழாது. மாசி பங்குனியில் இலை உதிரும். கவலையாக இருக்கும், ஆனால் உதிர்ந்த வேகத்தில் துளிர்த்துவிடும். எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் இளம்பச்சை. கத்திரிக்கு முன்பே குடை தயார். இந்தக் காலக்கணக்கு ஒன்றுக்காகவே புங்கைக்கு நான் ஓட்டுப்போடுவேன்.

பக்கத்துத் தெருவில் 2019இல் வைத்த ஒரு புங்கையைப் போய் அளந்து பார்த்தோம். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு வீட்டில் துணி துவைத்து அலசிய தண்ணீர் ஊற்றுகிறார்கள். குடை 16 அடி அகலம் விரிந்திருக்கிறது. அடியில் இரண்டு பைக், ஒரு தண்ணீர் கேன் வண்டி. எவ்வளவு நாளில் நிழல் வரும் என்ற அண்ணனின் கேள்விக்கு அதுவே பதில்: 5 வருடத்தில் உருப்படியான நிழல்.

குறை இல்லாமல் இல்லை. வெளுத்த ஊதாப் பூ பாய் விரித்ததுபோல் கொட்டும், காயும் விழும். இலையில் முடிச்சு முடிச்சாகக் கட்டி வரும், பார்க்க நோய் மாதிரி இருக்கும், மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. உதிர்வதை ஒரு மூலையில் குவித்தால் நல்ல எரு, வயலுக்கே புங்கந்தழை போடுவது வழக்கம். துணிக்கறை பற்றி அண்ணனே பக்கத்துத் தெருவுக்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியோடு போய், பூக்கொட்டும் நாட்களில் இரண்டு நாள் அந்த மரத்தடியில் விரித்துவைத்துப் பார்த்தார். பூ உதறினால் போய்விட்டது. பறவை எச்சம்தான் பிரச்சனை. அதற்கு எந்த மரமானாலும் ஒரு சின்னக் கூரைத்துணி போட்டுத்தான் ஆக வேண்டும்.

பூவரசு பற்றிக் கடைசி வீட்டு மாமா உருகிப்போய்ப் பேசினார். இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதியது, அந்த இலையில் கொழுக்கட்டை தட்டியது, காலையில் மஞ்சளாக மலர்ந்த பூ மாலைக்குள் சிவந்துபோவது என்று எல்லாவற்றையும் சொன்னார். பூவரசு எப்போதும் பச்சை. கடற்கரை மரம், உப்புக்காற்றில் நன்றாக வரும். கட்டை உறுதி. சிக்கல் அதை நடும் விதத்தில் இருக்கிறது. கிராமத்தில் பூவரசை விதை போட்டு யார் வளர்க்கிறார்கள்? கையளவு பருமனில் ஒரு போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி ஊன்றுவார்கள், பிழைத்துக்கொள்ளும். நகரத்திலும் 8 அடிப் போத்தை ஊன்றிவிட்டு, ஒரே நாளில் மரம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். போத்துக்கு ஆணிவேர் கிடையாது. பக்கவேரை நம்பித்தான் நிற்கும். வேலிக்கு அது போதும். வருடத்துக்கு வருடம் புயல் வருகிற ஊரில், ஆள் நிற்கிற இடத்தில், விதையிலிருந்து வந்த கன்றாக இருந்தால்தான் பூவரசை நம்பலாம். அப்படிப்பட்ட கன்றைத் தேடி மூன்று நர்சரி ஏறி இறங்கினோம், கிடைக்கவில்லை. விதை பொறுக்கி நாமே போட்டால் அடுத்த வருடத்துக்கு ஆகும். மாமா இப்போது மொட்டைமாடியில் ஆறு பைகளில் போட்டு வைத்திருக்கிறார்.

மகிழம். உண்மையில் என் மனசுக்குள் இருந்தது இதுதான். நல்ல கெட்டி மரம். வருடம் முழுக்கக் கரும்பச்சைக் குடை, கத்தரிக்காமலே உருண்டையாக நிற்கும். விடிகாலையில் தரையில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கிடக்கும் பூவைப் பொறுக்கிக் கோத்தால், வாடின பிறகும் வாசனை போகாது. திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தது மகிழ மரத்தடியில் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இவ்வளவு இருந்தும் ஒரே ஒரு விஷயம் குறுக்கே நிற்கிறது. மகிழம் மெதுவாக வளரும். மிக மெதுவாக. என் அத்தை வீட்டு வாசலில் இருக்கும் மகிழத்துக்கு 12 வயது. இப்போதுதான் அதன் கீழே ஒரு நாற்காலி போட முடிகிறது.

இஸ்திரி அண்ணனுக்கு வயது 54. இன்று மகிழம் வைத்தால், அதன் நிழல் முழுதாக விரியும்போது அவர் 70ஐ நெருங்கியிருப்பார். அத்தனை வருடமும் அந்தப் பித்தளைப் பெட்டியைத் தூக்க அவர் கை இருக்குமா? நூறு வருடத்துக்கான மரம் என்று பேசுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்படிப் பேசும்போது, இந்தப் பத்து வருடத்தை வெயிலில் கழிக்கப்போகிறவர் யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். வேகமா, ஆயுளா என்று கேட்டால், ஆள் நிற்கிற இடத்தில் வேகத்துக்குத்தான் நான் முதலிடம் தருவேன். அதற்காக உடைகிற மரத்தை வைக்க முடியாது. வேகமும் ஓரளவு உறுதியும் சேர்ந்து வருவது இந்த நான்கில் புங்கையில்தான்.

முடிவு இப்படி வந்தது. இஸ்திரி வண்டி இடத்துக்குப் புங்கை. அதிலிருந்து வடக்கே 20 அடி தள்ளி, முதலில் திட்டத்தில் இல்லாத நான்காவது குழி ஒன்று போட்டு, அதில் மகிழம். அதற்கான செலவை நான் ஏற்றுக்கொண்டேன். 7 அடிக் கன்று, 450 ரூபாய். பிள்ளையார் கோயில் மூலையில் வேம்பு. அங்கேயும் மகிழம்தான் வேண்டும் என்று நான் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். ஆடிக்கூழ் ஊற்றுகிற இடத்தில் வேம்பு இல்லாமலா என்று பெண்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மேடான இடம், தண்ணீர் நிற்காது, வேம்புக்குப் பொருத்தமான இடமும்கூட.

கம்பிக்குக் கீழே உள்ள இடத்துக்கு நீண்ட விவாதம் தேவைப்படவில்லை. பெரிதாக வளரும் எதை வைத்தாலும் வருடா வருடம் கம்பிக்காக வெட்ட வருவார்கள், நடுவில் பிளந்து ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் வி எழுத்துபோல் ஆக்கிவிட்டுப் போவார்கள். அப்படி வெட்டிய மரம் ஒருபக்கம் கனத்துக் காற்றில் சாயும். அங்கே பவழமல்லி. சின்ன மரம், அவ்வப்போது கத்தரித்துவிட்டால் கம்பியைத் தொடாது. நிழல் குறைவுதான், அந்தப் பக்கம் நிழலுக்கு நிற்பவர்களும் இல்லை.

மரத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் பேசினோம். குழியைப் பற்றி அதைவிட அதிகம் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் தவறான மரம் நல்ல குழியில் சமாளித்துவிடும், சரியான மரம் கெட்ட குழியில் பிழைக்காது. 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் என்று தோண்டச் சொன்னோம். தோண்டினால் முதல் ஒன்றரை அடி முழுக்கச் சாலை போட்ட ஜல்லியும் பழைய சிமெண்டும். அதை அப்படியே திருப்பிப் போட்டு மூடத்தான் தோண்ட வந்தவர் தயாராக இருந்தார். விடவில்லை. ஜல்லியை எடுத்துவிட்டுச் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினோம்.

கன்று வாங்கும்போது நர்சரியில் நின்று ஒரு காரியம் செய்தேன், எல்லோரும் செய்ய வேண்டும். பையின் அடியைக் கீறி வேரைப் பார்த்தேன். ஒரே பையில் ரொம்ப நாள் இருந்த கன்றுக்கு ஆணிவேர் அடியில் முட்டி, பையைச் சுற்றிச் சுற்றி ஜிலேபிபோல் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மேலே மரம் செழிப்பாக வளரும், கீழே வேர் தன்னையே இறுக்கிக்கொண்டு கிடக்கும். 10 வருடம் கழித்து ஒரு புயலில் வேரோடு சாயும்போது மரத்தைத்தான் குறை சொல்வோம். நான் பார்த்த முதல் நான்கு புங்கைக் கன்றும் அப்படித்தான் இருந்தன. ஐந்தாவது கன்று உயரம் குறைவு, வேர் நேராக இருந்தது. அதைத்தான் வாங்கினோம். 9 அடிக் கன்றை விட்டுவிட்டு 5 அடிக் கன்றை வாங்குகிறாரே என்று நர்சரிக்காரருக்கு ஆச்சரியம்.

நேரமும் முக்கியம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று ஊரெல்லாம் கன்று நடுகிறார்கள். சென்னைக்கு அது ஏற்ற காலம் இல்லை. நமக்குப் பெருமழை ஐப்பசியில்தான் வரும். ஜூனில் நட்ட கன்றுக்கு அதுவரை நான்கு மாதம் குடம் குடமாக ஊற்ற ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லாமல் போகிற கன்றுகள்தான் அதிகம். ஐப்பசி முதல் மழையில் நட்டால் வேர் பிடிக்க இரண்டு மாத ஈரம் சும்மா கிடைக்கும்.

கடைசியாக, சிமெண்ட். மரத்தின் கழுத்துவரை சிமெண்ட் பூசுவது நம் தெருக்களில் ஒரு வியாதியாகவே பரவியிருக்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவு போட்டது. எந்த ஊர் மரத்துக்கும் மூச்சு ஒன்றுதானே. எங்கள் தெருவில் நடைபாதைக்குக் கல் பதிக்க ஆள் வந்த அன்று, அந்த ஒரு மீட்டரை நான் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினேன். மூன்று குழியில் விட்டார்கள். பவழமல்லியைச் சுற்றி மட்டும் மறுநாள் காலை பார்த்தால் கல் வந்திருந்தது. நானும் மாமாவுமாகக் கடப்பாரை வைத்து எடுத்தோம்.

நட்டு ஆறு வாரம் ஆகிறது. புங்கையில் இரண்டு புதுக்கொழுந்து. முதல் வாரமே ஒரு சின்ன விபத்து நடக்க இருந்தது. 20 வருடப் பழக்கத்தில் அண்ணன் பெட்டியிலிருந்த சாம்பலைக் கன்றின் அடியில் கொட்டப் போய்விட்டார். பெரிய மரம் அதைத் தாங்கியது. பென்சில் பருமன் தண்டு தாங்காது, கனலோடு விழுந்தால் பட்டையே வெந்துவிடும். பாதி கையைச் சாய்த்தவர் அவராகவே நிறுத்திக்கொண்டார். இப்போது வண்டிக்குக் கீழே ஒரு எண்ணெய் டின் வைத்திருக்கிறார், சாம்பல் அதில்தான் ஆறுகிறது. துணிக்குத் தெளிக்க வைத்திருக்கும் குடத்தில் மீதியிருக்கும் தண்ணீரை மாலையில் குழியில் ஊற்றிவிட்டுத்தான் தார்ப்பாயை இறக்குகிறார். மழை நின்றுவிட்டால் அது போதாது. தை பிறந்ததும் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு குடம், எதிர்வீட்டிலிருந்து இரண்டு குடம் என்று முறை வைத்திருக்கிறோம். செங்கல் துண்டுகளை அவர் இன்னும் எடுக்கவில்லை. 12 மணிக் கல், 2 மணிக் கல், 3 மணிக் கல், மூன்றும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.